ஆடிக்கு வந்தவள்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. சீட்டு காலிதான். அந்தப் பொட்டணத்த நான் மடியில வச்சுக்கிடுதேன். அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், இருந்தாலும் ஒரு மனுசன நிக்க வச்சுட்டு சீட்டப் பிடிச்சு வைக்க முடியுமா? அந்தக் கண்டக்டர் பய என்ன கேட்டாங்கீய? "பெரியவரே, லக்கேஜா?"ன்னு கேட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். லக்கேஜ் இல்லடே, பொம்பளப் பிள்ள, ஆளுக்குப் போடுத டிக்கெட்டாப் போடுன்னுட்டேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு அரை டிக்கெட் கிழிச்சுக் குடுத்தான். சரி, உசரத்தப் பாத்தா அரை டிக்கெட்டுதான்.

இன்னைக்கு ஆடி என்ன தேதி தம்பி? நெத்தியில திருநீறு பூசியிருக்கீய, உங்களுக்குத் தெரியும். எங்க கோயில் காலண்டர்ல இங்கிலீசு தேதிதான் பெருசா இருக்கும், தமிழ்த் தேதி எறும்பு மாதிரி ஓரத்துல கெடக்கும், என் கண்ணுக்குத் தெரியாது. ஆடி முடியலைல்ல? ஆங், அது போதும். அது தெரிஞ்சா போதும்.

புன்னைக்குடி வந்தா ஒரு குரல் குடுங்க. ஊரு தெரியாதவன்னு நினைச்சிராதீய. எங்க ஊருக்கு நேர் எதிர் ஊருதான். நாங்க ஆத்துக்கு வடகரை, சந்தனமாதாபுரம். அவங்க தென்கரை. இங்கன நின்னு கூப்பிட்டா அங்கன கேக்கும். ஆத்துக்குள்ள எறங்கி நடந்தா ஒரு பீடி குடிச்சு முடிக்க நேரம் ஆகாது. இப்ப நடக்க முடியாது. மணல அள்ளி அள்ளி ஆள் முங்குத குழியாப் போட்டு வச்சிருக்கானுவ. அதான் டவுன்ல போய், பாலம் ஏறி, சுத்திக்கிட்டு இந்த பஸ்ல வாரேன். இந்தப் பக்கத்து ரோட்டையே நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.

ஐயோ, பயந்துட்டீயளா? ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேல விலகிட்டு. சுரூபம் தம்பி அது. மாதா. மரத்துல செஞ்சது, அதான் என்னால தூக்க முடியுது. முகத்தப் பாருங்க. பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ள மாதிரி இல்ல? மத்த ஊருல எல்லாம் மாதா கையில குழந்தையோட நிப்பா. இவ கைய வீசிக்கிட்டு, இப்பத்தான் ஆத்துல குளிச்சுட்டு வந்தவ மாதிரி நிக்கா. எங்க பிள்ள. எங்க பிள்ளதான், எவன் என்ன சொன்னாலும்.

உங்களுக்குப் பொம்பளப் பிள்ள உண்டா? கட்டிக் குடுத்துட்டீயளா? ஆடிக்குக் கூட்டியாந்தீயளா? நல்லது. கூட்டியாரணும். அப்ப உங்களுக்கு நான் சொல்லுதது விளங்கும். நீங்க வேதக்காரர் இல்ல, ஆனா இது வேதத்துல உள்ள விசயம் இல்ல, வீட்டுல உள்ள விசயம்.

எங்க ஊருக் கோயில்ல இருக்கது சந்தன மாதா. அன்னம்மாள்னும் சொல்லுவாவ. ஏசுசாமிக்கு ஆச்சி, மாதாவுக்கு அம்மா. இந்தப் பிள்ளைக்குப் பெத்த தாயி. அவ வடகரையில எங்க ஊருல இருக்கா. மவ தென்கரையில, புன்னைக்குடிப் பெரிய கோயில்ல இருக்கா. எந்தக் காலத்துல யாரு வச்ச ஏற்பாடுன்னு எனக்குத் தெரியாது, எங்க அப்பாவுக்கும் தெரியாது. ஆடி பிறந்தா மவள அம்மா வீட்டுக்குக் கூட்டியாரணும். அம்புட்டுதான்.

சந்தன மாதா திருநாளும் ஆடியிலதான் வரும். அதுக்கு மொத நாள் சாயங்காலம் அவங்க பிள்ளயச் சப்பரத்துல வச்சு ஆத்துக்குள்ள எறங்குவாங்க. நாங்க இந்தப் பக்கம் எறங்குவோம். நடு ஆத்துல வச்சுத் தோள் மாத்துவோம். முட்டளவு தண்ணி. சப்பரத்தத் தூக்குத முன்தண்டு எப்பவும் எங்க வீட்டு ஆளுக்குத்தான். எங்க தாத்தா பிடிச்சாரு, அப்பா பிடிச்சாரு, பெறவு நான். தோள் மாத்தும்போது வெறுமனே மாத்தக் கூடாது. அவங்க ஊருப் பெரியவரு சொல்லுவாரு, "எங்க பிள்ள வாரா, கண்ணு கலங்காமப் பாத்துக்கிடுங்க"ன்னு. நாங்க சொல்லணும், "எங்களுக்கும் பிள்ளதான்"னு. அதச் சொன்னாத்தான் தண்டு கை மாறும்.

அப்புறம் பத்துப் பன்னெண்டு நாளு அவ அம்மா பக்கத்துல இருப்பா. எங்க ஊருப் பொம்பளைய பண்ணுத கூத்து இருக்கே! "மாமியா வீட்டுல சோறு போடலையாட்டி, இப்பிடி வாடி இருக்க"ன்னு சுரூபத்தப் பாத்துக் கேப்பாளுவ. எம் பொண்டாட்டி வியாகுலம் அவளுக்குத் தலைக்கு எண்ணெ வச்சு விடணும்னு நின்னா பாத்துக்கிடுங்க. மரத்துல எண்ணெ பட்டா நல்லதுதான்னு நானும் விட்டுட்டேன். திரும்பி அனுப்பும்போது சீர் வைப்போம். புதுச்சேல, பூ, வாழத்தாரு, கருப்பட்டி. வெறுங்கையோட அனுப்ப மாட்டோம். பொம்பளப் பிள்ளய வெறுங்கையோட அனுப்புத வீடு வீடா? மறுபடி நடு ஆறு. இப்ப நாங்க சொல்லணும் கண்ணு கலங்காமப் பாத்துக்கிடுங்கன்னு. அவங்க சொல்லணும் எங்களுக்கும் பிள்ளதான்னு.

நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு. பிரிச்சாங்க பாருங்க, அதுல போச்சு.

மறைமாவட்டம்னா உங்களுக்கு எப்பிடிச் சொல்ல? கலெக்டருக்கு ஒரு ஜில்லா இருக்குல்ல, அது மாதிரி பிஷப் ஆண்டவருக்கு ஒரு ஜில்லா. வெள்ளக்காரச் சாமிமாரு காலத்துல இருந்து ரெண்டு கரையும் ஒரே மறைமாவட்டம், ஒரே பங்கு, ரெண்டுக்கும் ஒரே சாமியாரு. தாய்க்கோயில் புன்னைக்குடியில. எங்க ஊருல இருந்தது கிளைக்கோயில். சாமியாரு அங்கன இருந்து ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆத்தக் கடந்து வருவாரு. பிள்ளைய மொத மொத நன்மை வாங்குத புதுநன்மைன்னா அங்கன போவோம். கல்யாணம்னா அங்கன. பள்ளிக்கூடம் அங்கன, சிஸ்டர்மாரு ஆசுபத்திரி அங்கன. செத்தாலும் அங்கனதான். கல்லறைத் தோட்டம் அவங்க கரையில இருக்கு. எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அங்கனதான் கெடக்காவ.

மறைமாவட்டம் ரொம்பப் பெருசாப் போச்சு, ஒரு பிஷப்பால சுத்தி வர முடியல, ரெண்டாப் பிரிக்கணும்னாவ. பிரிங்க, யாரு வேண்டாம்னா? எங்கேயோ தூரத்துல உக்காந்து ஒரு படத்த விரிச்சு, எது எல்லைன்னு பாத்திருக்காவ. ஆறு நீளமாக் கெடந்திருக்கு. ஆத்தையே கோடாப் போட்டுட்டாவ. வடகரை புது மறைமாவட்டம், தென்கரை பழசு. ஆடி மாசம் தம்பி! பூச முடிஞ்சதும் சாமியாரு அறிக்கைய வாசிக்காரு, இங்கன பீடத்துல அம்மாவும் மவளும் பக்கத்துல பக்கத்துல நிக்காவ. பிள்ள அம்மா வீட்டுக்கு வந்த நேரம் பாத்துக் கோடு போட்டிருக்காவ.

போன மாசம் புது மறைமாவட்டத்துக்கு வெள்ளி விழா கொண்டாடுனாவ. ஒரு மலர் போட்டு வீட்டுக்கு வீடு குடுத்தாவ. எந்த பிஷப் எந்தக் கோயில மந்திரிச்சுத் தொறந்தாரு, எந்தச் சாமியாரு எந்தக் கட்டடம் கட்டுனாரு, எல்லாம் இருக்கு. எங்க ஊரப் பத்தி ஒரு வரி. "ஆற்றின் இரு கரைகளும் அன்புடனும் அமைதியுடனும் பிரிந்தன." அன்பாம். அமைதியாம். எழுதுனவன் கையில கெடச்சா கேப்பேன், யாருடே உனக்குச் சொன்னான்னு.

அறிக்கை வாசிச்ச அன்னைக்கு ஊர்க்கூட்டம் கோயிலுக்கு முன்னால. எல்லாவனும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கான். என்ன செய்ய, ஏது செய்ய. நான்தான் எந்திரிச்சேன். "பெரிய கோயில் அவனுக்கு, பள்ளிக்கூடம் அவனுக்கு, ஆசுபத்திரி அவனுக்கு. நம்ம அப்பன் ஆத்தா எலும்பு கூட அவனுக்கு. நமக்கு என்ன குடுத்தான்? ஓட்டக் கூரையும் ஒரு மணியும். சரி, பாகம் பிரிச்சது பிரிச்சதாவே இருக்கட்டும். பிள்ள இப்ப நம்ம வீட்டுல இருக்கா. அவ நம்ம பாகம். அனுப்ப மாட்டோம்"னேன். தம்பி, அன்னைக்குத் தட்டுனாங்க பாருங்க கைய! கிழவன் குமரன் எல்லாம் தட்டுனான். "ராயப்பன் பேசினாம்ல, அது பேச்சு"ன்னான். ராயப்பன் நான்தான். இன்னைக்கு வரைக்கும் யாரும் அந்தப் பேச்ச மறக்கல. நானும் மறக்கல.

கோயில் சாவியும் எங்கிட்டத்தான். அன்னைக்கு இடுப்புல சொருகுனது.

இதுல என் சொந்த மவளும் உண்டு தம்பி. வாரேன், வாரேன்.

எனக்கு ஒரே மவ. சலேத்மேரி. சலேத்து, சலேத்துன்னு கூப்பிடுவோம். அந்த வருசம் வைகாசியிலதான் புன்னைக்குடியில கட்டிக் குடுத்தேன். மாப்பிள இன்னாசிமுத்து, தச்சு வேல. நல்ல பய, நல்ல பயதான், நான் இல்லங்கல. தல ஆடி. நான்தான் போய்க் கூட்டியாந்தேன். மாதா வந்த அன்னைக்கே அவளும் வந்தா. சப்பரத்துக்குப் பின்னால ஆத்துல சேலயத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே நடந்து வந்தா. நான் முன்தண்டத் தூக்கிக்கிட்டு நடக்கேன், தோளு வலிக்கு, ஆனா அவ சிரிக்கது எனக்கு முதுகுக்குப் பின்னால கேக்கு. அந்தச் சிரிப்பு இப்பக் கூட... சரி விடுங்க. வியாகுலம் அவளுக்குன்னு ஒரு சேல எடுத்து வச்சிருந்தா. திரும்பிப் போகும்போது சீரோட குடுக்க. அரக்குக் கலருல மயில்கழுத்துக் கர. நீங்க பாக்கீயளே, இதான், இந்தப் பிள்ளயச் சுத்தி வச்சிருக்கேனே, இதேதான்.

அனுப்புத நாளு வந்துச்சு. அவங்க ஊரே ஆத்துக்குள்ள நிக்கு, மேளத்தோட. நாங்க எறங்கல. கொஞ்ச நேரம் பாத்தாவ, மேளம் நின்னு போச்சு. அப்புறம் கரை ஏறி வந்தாவ. கோயில் கதவு பூட்டியிருக்கு. நான் வாசல்ல நிக்கேன். சண்ட சத்தம், அடிதடி ஒண்ணும் இல்ல தம்பி, அவங்க அப்பிடிப்பட்ட ஆளுக இல்ல. ஒரு பெரியவரு கும்பிட்டுக் கேட்டாரு. "ஐயா, பிள்ள வந்து நாளாச்சு. அனுப்பி வைங்க"ன்னாரு. நான் இடுப்புல சாவியத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். அந்தக் கூட்டத்துல இன்னாசியும் நிக்கான். அவன் அவம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்.

அப்பப் பாருங்க, இந்தப் பொட்டச்சி, எம் மவ, வீட்டுக்குள்ள கெடக்க வேண்டியதுதான? எல்லாரும் பாக்க முன்னால வந்து நின்னு, "அப்பா, அவங்க பிள்ளய அவங்ககிட்டக் குடுத்துருங்கப்பா"ன்னா. ஊரு முன்னால. நான் பேசி, ஊரு கை தட்டி, நாலு நாளு ஆகல. எம் மவ எனக்கு எதிரப் பேசுதா. எனக்கு எப்பிடி இருக்கும்? நீங்களே சொல்லுங்க, எப்பிடி இருக்கும்?

"போறதுன்னா நீ போ. இங்க இருந்து யாருக்கும் சீர் கெடையாது"ன்னேன். அம்புட்டுதான் சொன்னேன். போன்னு சொல்லல. போறதுன்னா போன்னுதான் சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

அவ போயிட்டா. வியாகுலம் சேலய எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் ஓடி வந்தா, நான் பாத்த பார்வையில நின்னுட்டா. வெறுங்கையோட ஆத்துல எறங்கி நடந்தா எம் மவ. தோள் மாத்த ஆளு இல்ல. சொல்லுத வார்த்தையச் சொல்ல ஆளு இல்ல. பின்னால அவங்க ஊருச் சனம் காலிச் சப்பரத்தத் தூக்கிக்கிட்டுப் போகுது. அவ திரும்பிப் பாப்பான்னு நின்னேன். பாக்கல. அவளுக்கு என் பிடிவாதம். வேற யாரு பிடிவாதம் வரும்.

மறைமாவட்டம் பிரிக்காம இருந்தா இது நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க. அந்தக் கோட்டப் போட்டவங்க கிட்டத்தான கேக்கணும்.

அதுக்கப்புறம் ரெண்டு பிஷப்பும் வந்தாவ. ஒண்ணா வந்து எங்க ஊருல எளநி குடிச்சாவ. "பெரியவரே, மாதாவுக்கு எல்லை ஏது?"ன்னாரு ஒருத்தரு. நீங்கதான ஆண்டவரே எல்லை போட்டீயன்னேன். எந்தச் சாமியாரு மாறி வந்தாலும் முத வேல எங்கிட்ட வந்து கெஞ்சுதது. கேட்டுட்டு மாத்தலாகிப் போயிருவாரு. நான் மாத்தலாக மாட்டேம்ல.

அவங்க வேற சுரூபம் வாங்கி வச்சிருக்கலாம். கடையில கெடைக்காத மாதாவா? வைக்கல தம்பி. அந்த மாடத்த அப்பிடியே காலியா வச்சு, விளக்கு மட்டும் ஏத்துதாங்களாம். அவங்க திருநாளுக்குக் காலிச் சப்பரத்துல பூ மட்டும் வச்சுத் தூக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் வருவாவ. வந்து எங்க பக்கத்தப் பாத்துக் கொஞ்ச நேரம் நிப்பாவ. அப்புறம் திரும்பிப் போவாவ. வருசா வருசம். வீம்புக்குச் செய்யுதாங்கன்னு நான் சொல்லுவேன். எங்க ஊருல இப்ப உள்ள பயலுவ, "தாத்தா, குடுத்துத் தொலைங்களேன்"ங்கான். இவனுக்கு என்ன தெரியும்.

அந்தக் கூட்டத்துல அவளும் நிப்பா. தூரத்துல இருந்தாலும் எனக்குத் தெரியும். நடையப் பாத்தே சொல்லிருவேன். எனக்கு வாழத்தோட்டம் ஆத்த ஒட்டித்தான் இருக்கு. அவ அந்தப் பக்கம் துணி தொவைக்க வருவா. நான் இந்தப் பக்கம் வாழைக்கு எலை கழிச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு இருமல் இருமுவேன். அவ நிமுந்து பாப்பா. அப்புறம் குனிஞ்சு தொவைப்பா. இப்பிடியே போச்சு. ஒரு நா பாத்துக்கிடுங்க, இடுப்பளவு தண்ணிக்கு எறங்கி வந்து, கையில ஒரு பொட்டணத்தத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா. என்னன்னு பாத்தா பிள்ள. பச்சப் பிள்ள. எம் பேத்தி. அப்பிடியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கா, கை நோவுமேன்னு எனக்கு இருக்கு. அன்னைக்கு வெயிலு. ஆத்துத் தண்ணியில பட்டு ஒரே கூச்சம், கண்ணு தண்ணியா வடியுது. அதான் திரும்பிக்கிட்டேன். வெயிலுதான். வேற என்ன.

மறுபடி நான் திரும்பிப் பாக்கும்போது ஆத்துல யாரும் இல்ல.

வியாகுலம் களவாப் போயிட்டு வருவா. மவ வீட்டுக்கு. கருப்பட்டியக் காணோம், முருங்கைக்காயக் காணோம்னா எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். நான் அப்பிடி ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல தம்பி. ஆனா அந்தச் சேலய மட்டும் அவ கொண்டு போகல. பெட்டியிலயே வச்சிருந்தா. ஏன்டின்னு ஒரு தடவ கேட்டேன். "அது அப்பன் கையால குடுக்க வேண்டியது"ன்னா. வியாகுலம் போய்ச் சேந்தப்ப எங்க கரையிலயே புதுசாக் கல்லறைக்கு எடம் வாங்கியாச்சு. அங்கன அடக்கம். சலேத்து அக்கரையில ஆத்தங்கரையில நின்னுச்சு. வரக் கூடாதுன்னு நான் சொல்லல. வான்னு நாமளாப் போய்ச் சொல்ல முடியுமா? வாரவளா இருந்தா வருவா. அப்பிடித்தான் நினைச்சேன்.

போன ஆடியில மீன்காரி ஒருத்தி வந்தா. புன்னைக்குடியிலயும் விப்பா, எங்க ஊருலயும் விப்பா. "ஐயா, உம்ம மவ சொல்லச் சொன்னா. இந்த ஆடிக்கு என்னைய வந்து கூப்பிடச் சொல்லுங்கன்னு சொன்னா"ன்னா. வேற என்ன சொன்னான்னு கேட்டேன். "வேற ஒண்ணும் சொல்லல. ஆளு மெலிஞ்சு போயிருக்கா"ன்னா.

நான் யோசிச்சேன் தம்பி. இம்புட்டு வருசம் இல்லாம இப்ப என்ன ஆடி? ஓகோ, ஊருல சொல்லிக் குடுத்திருக்கான். மவள முன்னால விட்டு மாதாவக் கேக்கப் போறான். அப்பிடித்தான நினைக்கத் தோணும்? உங்களுக்கு அப்பிடித் தோணாதா? நம்ம பிள்ளயத் தூது விடுதானுவளான்னு எனக்குக் கோவம். போகல.

வயித்துல கட்டியாம், அந்த மீன்காரி இன்னைக்குத்தான் சொன்னா. அப்பவே இருந்திருக்கு. மீன்காரிக்கித் தெரிஞ்சிருக்கு, எங்கிட்டச் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு சலேத்து சத்தியம் வாங்கியிருக்கா. நோவச் சொல்லிக் கூப்பிட வைக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கா. சும்மா கூப்பிடணும். பிள்ளன்னு கூப்பிடணும். அவ்வளவுதான் கேட்டிருக்கா எம் மவ.

இன்னைக்கு வெள்ளன போன் வந்துச்சு. ஒரு பொம்பளப் பிள்ளக் குரலு. தாத்தான்னு சொல்லல. "சலேத்மேரியோட அப்பாவா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "அம்மா செத்துட்டாங்க. சாயங்காலம் அடக்கம். பிறந்த வீட்டுக் கோடிச் சேல போடாமப் பெட்டிய மூடக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுதாங்க. கோடி கொண்டு வாரீங்களா, இல்ல நாங்களே ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடவா?"ன்னு கேட்டுச்சு.

அழல தம்பி அந்தப் பிள்ள. கடைக்காரன்கிட்டக் கேக்குத மாதிரி கேட்டுச்சு. "கொண்டு வாரேன். மாதாவையும் கூட்டிட்டு வாரேன்"னேன். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு தெரியல. அது போன வச்சுட்டுது.

வீட்டுல துணிப் பெட்டியத் தொறந்து சேலய எடுத்தேன். மடிப்புல வசம்பு போட்டு வச்சிருந்தா வியாகுலம், ஒரு பூச்சி அரிக்கல. கோயிலத் தொறந்தேன். சாவி எங்கிட்டத்தான இருக்கு, யாருகிட்டக் கேக்கணும்? பீடத்துல ஏறி இந்தப் பிள்ளயத் தூக்குனேன். சந்தன மாதா அப்பிடியே நிக்கா. அம்மாதான, ஒரு வார்த்த கேட்டுட்டுத் தூக்கியிருக்கணும். கேக்கல. அந்த முகத்த நிமுந்து பாக்க முடியல. வேற துணி கெடைக்கல, இந்தச் சேலயிலயே சுத்திக்கிட்டேன். தோட்டத்துல ஒரு சீப்பு வாழப்பழம் அறுத்தேன். கருப்பட்டி வாங்குனேன். பூ டவுன்ல வாங்குனேன். இந்தா பையில இருக்கு. அன்னைக்கு வெறுங்கையோட போனாள்ல.

ஆத்து வழியாத்தான் மொதல்ல போனேன். எறங்குனேன். ஒரு எட்டு வச்சதும் நெஞ்சு வரைக்கும் போயிட்டு. அந்தா வேட்டி இன்னும் ஈரமா இருக்கு பாருங்க. பிள்ளயத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன், நனைய விடல. அப்பிடித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், கை என்னமா நோவுது தம்பி! அந்தக் கரையில யாராவது பாக்காங்களான்னு பாத்தேன். ஒருத்தரும் இல்ல. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல. தொவைக்கிற கல்லு மட்டும் கெடந்துச்சு.

அப்புறம் கரை ஏறி பஸ்ஸப் பிடிச்சேன்.

என்ன தம்பி, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கீய? வெயிலு. ஜன்னல் பக்கம் வெயிலு அடிக்கத்தான் செய்யும். இப்பிடித் தள்ளி உக்காருங்க.

மணி கேக்குதா? விட்டு விட்டு ஒத்த அடி. துக்க மணி அது. பெரிய கோயில் மணி. சின்னப் பிள்ளயில இருந்து கேட்ட மணி. எங்க கரைக்கும் கேக்கும். யாருக்கோ அடிக்காங்கன்னு சிலுவ போட்டுட்டு வேலயப் பாப்பேன்.

வந்துட்டா? இதா ஸ்டாப்பு? அந்தா மரத்தடியில நிக்கா பாருங்க. நிக்கா பாருங்க தம்பி, சலேத்து. செருப்பு இல்லாம நிக்கா, இந்த வெயிலுல. சலேத்து... இல்ல. இல்ல, அவ மவ. எம் பேத்தி. அதே நிப்பு. கூட யாரையும் காணோம். ஒத்தையில வந்து நிக்குது.

கண்டக்டர்! கொஞ்சம் பொறு, வயசாளி எறங்கணும். தம்பி, ஒரு உதவி. இந்தச் சேலய நான் உருவிக்கிடுதேன், இது கோடிக்கு வேணும். இதத்தான் அவ மேல போடணும், இது அவ சேல. பிள்ளய நீங்க பிடிச்சுக்கிடுங்க. அப்பிடி இல்ல, தலைக்குக் கை குடுத்து. ஆங். நான் எறங்குதேன். எறங்குனதும் ஜன்னல் வழியா வெளிய நீட்டுங்க. எங்கிட்டத் தர வேண்டாம், என் கையில சேல இருக்கு, பை இருக்கு. அந்தப் பிள்ள கையில குடுங்க.

குடுக்கும்போது வெறுமனே குடுக்கக் கூடாது, சொன்னேம்ல? "எங்க பிள்ள வாரா, கண்ணு கலங்காமப் பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லணும். நீங்க சொல்லிருங்க தம்பி. எனக்கு வராது. அன்னைக்கும் வரல.

அது வாங்காமப் போயிட்டுன்னா, சத்தமாச் சொல்லுங்க, எனக்காகச் சொல்லுங்க. உங்க அம்மாவ ஆடிக்குக் கூப்பிட உங்க தாத்தா வந்திருக்காருன்னு சொல்லுங்க. ஆடி இன்னும் முடியலன்னு சொல்லுங்க.

முடியலைல்ல தம்பி?